கரிமக் குறைகடத்திக்கு மூலக்கூறு கட்டுவது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

கரிம எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். எந்த ஆய்வுக் கட்டுரையைப் பிரித்தாலும் ஒரு புது மூலக்கூறு இருக்கும். பத்துப் பன்னிரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டு, நாலு பக்கமும் நீளமான சங்கிலிகள் தொங்க, பெயர் மட்டுமே இரண்டு வரிக்கு ஓடும். இதை எப்படி யோசித்து வரைந்தார்கள், நாம் எங்கே தொடங்குவது என்று மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் படங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், சில பத்துத் துண்டுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது புரியும். தயோபீன், கார்பசோல், ஃபுளோரீன், பென்சோதயடயசோல், நாப்தலீன் டைஇமைடு என்று அந்தத் துண்டுகளுக்குள் பழக்கம் வந்துவிட்டால் எந்த மூலக்கூறையும் பிரித்துப் படிக்கலாம், அப்புறம் நீங்களே கோர்க்கவும் செய்யலாம்.

கல்லூரி அளவில் கரிம வேதியியல் படித்து, ஆய்வகத்தில் கொஞ்சம் கை பழகியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: மூலக்கூறிலிருந்து சாதனத்துக்குப் போகாதீர்கள், சாதனத்திலிருந்து மூலக்கூறுக்கு வாருங்கள். அழகான ஒரு அமைப்பை வரைந்து, ஆறு மாதம் செலவழித்துத் தயாரித்து, அதன்பின் இதை எதில் போட்டுப் பார்க்கலாம் என்று தேடுகிறவர்கள் நிறைய. அந்த உழைப்பு பாதி வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

படி 1: எந்தச் சாதனம் என்று முடிவு செய்யுங்கள்

டிரான்சிஸ்டர், சூரிய மின்கலம், ஓலெட் (கரிம ஒளி உமிழ் டயோடு) விளக்கு என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகள். ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

டிரான்சிஸ்டரில் மின்னூட்டம் படலத்தின் நீளவாக்கில், மின்காப்பு அடுக்கை ஒட்டிய சில மூலக்கூறு அடுக்குகளுக்குள் ஓட வேண்டும். அதனால் தட்டையான மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒழுங்காகப் படிகமாவது அங்கே முக்கியம். ஓலெட்டில் கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு: படிகமானால் படலம் கெடும், மூலக்கூறுகள் நெருங்கினால் ஒளி மங்கும், எனவே முறுக்கிய, பருமனான வடிவங்கள்தான் அங்கே வேண்டும். கூடவே அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரத்தால் உருவாகும் எக்ஸைட்டான்களில், அதாவது எலெக்ட்ரானும், எலெக்ட்ரான் இல்லாத காலியிடமான துளையும் சேர்ந்த ஜோடிகளில், 25 சதவீதம் ஒற்றை நிலையிலும் 75 சதவீதம் மும்மை நிலையிலும் பிறக்கின்றன. சாதாரண ஒளிர்பொருள் அந்த 75 சதவீதத்தை வெப்பமாக இழந்துவிடும். அதை மீட்கத்தான் இரிடியம் போன்ற கனமான உலோகம் கொண்ட ஒளிர்பொருட்களும், ஒற்றை நிலைக்கும் மும்மை நிலைக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வைத்த உலோகமில்லா மூலக்கூறுகளும் வந்தன.

சூரிய மின்கலத்தில் கதை வேறு. கரிமப் பொருட்களின் மின்காப்பு மாறிலி 3 முதல் 4 வரைதான், சிலிக்கானுக்கு 11.7. அதனால் ஒளி பட்டதும் எலெக்ட்ரானும் துளையும் தாமாகப் பிரிவதில்லை, ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு ஒரு எக்ஸைட்டானாகத் திரிகின்றன. அது இறப்பதற்குள் சுமார் 10 நானோமீட்டர் தூரம்தான் போகும் என்பது பொதுவான கணக்கு. அந்தத் தூரத்துக்குள் வழங்கியும் (எலெக்ட்ரானைத் தரும் பொருள்) ஏற்பியும் (அதை வாங்கும் பொருள்) சந்திக்கும் எல்லை ஒன்று அதற்குக் கிடைக்க வேண்டும். ஆகவே ஒரு மூலக்கூறை மட்டும் வடிவமைத்தால் போதாது. இரண்டு பொருட்கள் சேர்ந்து எப்படிக் கலக்கும், எவ்வளவு பிரியும் என்பதையும் யோசித்தாக வேண்டும். இதனால்தான் முதல்முறை வருபவர்களுக்கு நான் சூரிய மின்கலத்தைப் பரிந்துரைப்பதில்லை. டிரான்சிஸ்டரில் தொடங்குங்கள், மாறிகள் குறைவு.

படி 2: மூன்று எண்களை எழுதி வையுங்கள்

ஹோமோ, லூமோ, ஆற்றல் இடைவெளி. எலெக்ட்ரான் நிரம்பிய மட்டங்களில் உச்சியில் இருப்பது ஹோமோ, காலியான மட்டங்களில் அடியில் இருப்பது லூமோ. துளை ஹோமோவில் ஓடுகிறது, எலெக்ட்ரான் லூமோவில் ஓடுகிறது.

துளை கடத்தும் பொருள் வேண்டுமென்றால் ஹோமோ ஏறத்தாழ -5.0 முதல் -5.5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அதைவிட மேலே போனால் காற்றில் உள்ள ஆக்சிஜனே பொருளை மெல்ல மாசூட்டிவிடும் (டோப் செய்துவிடும், அதாவது எலெக்ட்ரானைப் பறித்துக் கூடுதல் துளைகளை உண்டாக்கிவிடும்), டிரான்சிஸ்டர் அணையவே அணையாது. மிகவும் கீழே போனால் தங்க மின்முனையிலிருந்து துளை ஏறாது, ஏனென்றால் தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் சுமார் 5 எலெக்ட்ரான் வோல்ட்தான். எலெக்ட்ரான் கடத்தும் பொருளுக்கு லூமோ -4.0 அல்லது அதற்கும் கீழே இருப்பது நல்லது. அப்படி இல்லையென்றால் ஓடும் எலெக்ட்ரானை ஈரமும் ஆக்சிஜனும் பிடித்துக்கொள்ளும். கிளவ் பாக்ஸுக்குள் (ஆக்சிஜனும் ஈரமும் புகாத பெட்டி) அற்புதமாக வேலை செய்துவிட்டு, வெளியே எடுத்த சில நிமிடங்களில் செத்துப்போகும் சாதனங்களுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

ஆற்றல் இடைவெளியைக் கண்டுபிடிப்பது சுலபம். படலத்தின் ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் நீண்ட அலைநீளப் பக்கம் வளைவு எழத் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். 1240-ஐ அந்த நானோமீட்டர் அளவால் வகுத்தால் எலெக்ட்ரான் வோல்ட்டில் விடை வரும். பி3எச்டி என்று எல்லோரும் அழைக்கும் பாலிஹெக்சில்தயோபீன் படலத்துக்கு அது சுமார் 650 நானோமீட்டர், எனவே 1.9 எலெக்ட்ரான் வோல்ட். ஒய்6 என்ற சூரிய மின்கல ஏற்பிக்குச் சுமார் 930, அதாவது 1.33.

படி 3: துண்டுகளோடு பழகுங்கள்

இந்தப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஒன்றுவிட்டு ஒன்று வரும் இரட்டைப் பிணைப்புகள்தான். 1977-இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீனை அயோடினால் மாசூட்டி அதன் கடத்துத்திறன் பல கோடி மடங்கு உயர்வதைக் காட்டினார்கள். 2000-இல் அதற்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் வெறும் அசெட்டிலீன் சங்கிலி காற்றில் நிற்காது, கரையவும் கரையாது. அதனால் இரட்டைப் பிணைப்புகளை வளையங்களுக்குள் பூட்டினார்கள். இன்றைய துண்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

தயோபீனில் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதைவிட உபயோகமான வளையம் கிடையாது. பென்சீனைவிட அரோமேட்டிக் பிடிமானம் குறைவு என்பதால் எலெக்ட்ரான்கள் வளையத்தை விட்டுப் பக்கத்து வளையத்துக்குப் பரவ மறுப்பதில்லை, ஆற்றல் இடைவெளி சுருங்குகிறது. ஐந்தணு வளையம் என்பதால் பக்கத்து வளையங்களோடு ஹைட்ரஜன் மோதல் குறைந்து, சங்கிலி தட்டையாகப் படுக்கிறது. கந்தக அணுக்கள் அடுத்த மூலக்கூறின் கந்தகத்தோடு நெருங்கி மின்னூட்டத்துக்கு இன்னொரு பாதை தருகின்றன. வேதியியலும் ஒத்துழைக்கிறது: 2, 5 ஆகிய இடங்கள் துடிப்பானவை, என்-புரோமோசக்சினிமைடு போட்டால் புரோமின் அங்கேதான் போய் உட்காரும், பியூட்டைல் லித்தியமும் அங்கிருந்துதான் ஹைட்ரஜனை எடுக்கும். இரண்டு தயோபீன்களை ஒட்டினால் தயெனோதயோபீன், பென்சீன் வளையத்தின் இரு பக்கமும் ஒட்டினால் பென்சோடைதயோபீன். இரண்டுமே வழங்கிகளாக எல்லா இடத்திலும் வரும். நடுவில் இரண்டு தயோபீன்களும் இரு ஓரங்களில் பென்சீனோ நாப்தலீனோ ஒட்டிய பிடிபிடி (BTBT), டிஎன்டிடி (DNTT) குடும்பம் ஹோமோ ஆழமாக இருப்பதால் காற்றில் நன்றாகத் தாங்கும். ஜப்பானில் டக்கிமியா குழு வளர்த்தெடுத்த இந்தக் குடும்பத்தை டிரான்சிஸ்டர் பக்கம் போகும் எவரும் படித்தே ஆக வேண்டும்.

கார்பசோலும் ஃபுளோரீனும் ஓலெட் உலகத்துக்கு மிகவும் வேண்டியவை. கார்பசோலின் மும்மை நிலை சுமார் 3 எலெக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது, அதனால் நீல ஒளிர்பொருளைத் தாங்கும் ஆதாரப் பொருளாகப் பொருந்துகிறது. இதில் எந்த இடத்தில் இணைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். 3, 6 இடங்களில் புரோமின் நேராக ஏறும், ஆனால் அந்த வழியாகக் கோர்த்தால் எலெக்ட்ரான் பரவல் குறைவு. 2, 7 வழியாகக் கோர்த்தால் பரவல் நன்றாக இருக்கும், ஆனால் அந்த இடங்களில் புரோமின் நேராக ஏறாது, நைட்ரோபைபீனைலில் தொடங்கி வளையத்தையே கட்ட வேண்டும். ஒரே துண்டுக்கு இணைக்கும் இடத்தால் இரண்டு குணம் வருவது இந்தத் துறையில் சகஜம். டிரைஃபீனைல் அமீன் விசிறி போல முறுக்கிய வடிவம் கொண்டது, படிகமாகாமல் கண்ணாடி மாதிரி படலம் தரும், துளை கடத்தும் அடுக்குகளில் அதிகம் பார்ப்பீர்கள்.

இனி ஏற்பிகள். பென்சோதயடயசோல் நடுத்தரமான ஏற்பி. ஆர்த்தோ ஃபீனைலீன் டைஅமீனில் தொடங்கி இரண்டே படிகளில் அதன் இருபுரோமைடுக்குப் போய்விடலாம், அதனால்தான் இவ்வளவு பரவலாக இருக்கிறது. டைகீட்டோபிரோலோபிரோல் முதலில் சிவப்பு வண்ணப்பூச்சு நிறமியாக இருந்த துண்டு. பலமான ஏற்பி, தட்டையானது, ஆனால் நைட்ரஜனில் சங்கிலி ஏற்றாவிட்டால் எதிலும் கரையாது. நாப்தலீன் டைஇமைடு, பெரிலீன் டைஇமைடு இரண்டும் எலெக்ட்ரான் கடத்திகளுக்கு அடித்தளம். நீரிலியோடு அமீன் சேர்த்தால் கிடைத்துவிடும், லூமோவும் ஏறத்தாழ -4 எலெக்ட்ரான் வோல்ட் அருகிலேயே வந்து நிற்கும்.

வழங்கியையும் ஏற்பியையும் மாற்றி மாற்றிக் கோர்த்தால் இடைவெளி சுருங்கும். ஹோமோ வழங்கியைப் பின்பற்றும், லூமோ ஏற்பியைப் பின்பற்றும் என்று முதல் கணிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நுணுக்கமாகத் திருத்த ஓரங்களில் சிறு குழுக்கள் போதும். ஆல்காக்சி ஹோமோவை மேலே தூக்கும். ஃபுளூரின் இரண்டு மட்டங்களையும் கொஞ்சம் கீழே இழுக்கும், வடிவத்தை அதிகம் தொந்தரவு செய்யாது. சயனோ குழு பலமாக இழுக்கும்.

இப்போது ஒய்6-ஐ எடுத்துப் பாருங்கள். நடுவில் பென்சோதயடயசோல். அதன் இரு பக்கமும் பிரோல் வளையங்கள் ஒட்டியிருக்கின்றன, அந்த நைட்ரஜன்களில் கிளைத்த சங்கிலிகள். அதற்கு வெளியே தயெனோதயோபீன்கள், அவற்றில் நேரான அண்டெசில் சங்கிலிகள். இரு முனைகளிலும் ஃபுளூரினும் சயனோவும் கொண்ட இன்டனோன் குழு. ஏற்பி, வழங்கி, ஏற்பி, வழங்கி, ஏற்பி என்ற வரிசை கண்ணுக்குத் தெரிகிறதா? முனைக் குழுக்கள் கடைசிப் படியில், ஆல்டிஹைடோடு நடக்கும் நோவெநேகல் வினையில் ஏறுகின்றன. முனையை மட்டும் மாற்றிப் பல மூலக்கூறுகள் செய்ய முடிவது இதனால்தான். 2019-இல் வந்தபோது இது 15.7 சதவீதத் திறன் தந்தது, அதன் வாரிசுகள் 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. பெரிய மூலக்கூறைப் பார்த்துப் பயப்படாமல் இப்படிப் பிரித்துப் படிக்கும் பழக்கத்தைத் தினம் ஒன்றாகச் செய்து வாருங்கள், ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

படி 4: பக்கச் சங்கிலியைக் கடைசியில் ஒட்டும் அலங்காரமாக நினைக்காதீர்கள்

சங்கிலி இல்லாவிட்டால் கரையாது, கரையாவிட்டால் தூய்மைப்படுத்தவோ பூசவோ முடியாது. சங்கிலி மிகுந்தால் மின்னூட்டம் ஓடாத கொழுப்புப் பகுதி படலத்தை நிறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். சிறிய, தட்டையான மூலக்கூறுக்கு ஹெக்சில், ஆக்டைல் போன்ற நேர்ச்சங்கிலி போதும். ஏற்பிகள் நிறைந்த பாலிமருக்கு ஆக்டைல்டோடெசில் போன்ற கிளைச்சங்கிலி வேண்டியிருக்கும். கிளை எங்கே பிரிகிறது என்பதும் முக்கியம். கிளைப்புள்ளி மையத்துக்கு ஒட்டியே இருந்தால் மூலக்கூறுகள் நெருங்க முடியாமல் தள்ளும். ஓரிரு கார்பன் தள்ளி வைத்தால் அடுக்கு இடைவெளி குறைந்து இயக்க எண் (மின்னூட்டம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதன் அளவு) உயர்வதைப் பல பாலிமர்களில் பார்த்திருக்கிறார்கள். பொதுவாக அடுக்குகளுக்கு நடுவே 3.3 முதல் 3.8 ஆங்ஸ்ட்ராம் வரை இருக்கும், அங்கே ஒரு பத்தில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராம் குறைந்தாலும் விளைவு தெரியும்.

இன்னொன்று, பலரும் கவனிப்பதில்லை. 2-எத்தில்ஹெக்சில் சங்கிலியில் ஒரு கைரல் கார்பன் இருக்கிறது, கடையில் வாங்குவது இரு வடிவங்களும் கலந்தது. இரண்டு சங்கிலி ஏற்றினால் உங்கள் கையில் இருப்பது மாற்றியங்களின் கலவை. பாலிமருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. சிறு மூலக்கூறில் படிகமாக்கப் போகிறீர்கள் என்றால் நேர்ச்சங்கிலியே நல்லது. உயிரியல் உணரிகளுக்கான டிரான்சிஸ்டர் என்றால் கிளைகோல் சங்கிலி (நடுநடுவே ஆக்சிஜன் அணுக்கள் கொண்டது) போடுங்கள், அயனியும் நீரும் படலத்துக்குள் புக அதுதான் வழி.

படி 5: கணினியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்

இது சுருக்கமான வேலை. சங்கிலிகளை மெத்தில்களாக வெட்டிவிட்டு, பி3எல்ஒய்பி (B3LYP) என்ற அடர்த்திச் சார்புக் கணக்கு முறையில், 6-31ஜி(டி) அடிக்கணத்தோடு வடிவத்தைச் சீராக்குங்கள். ஆர்கா மென்பொருள் கல்வி ஆய்வுக்கு இலவசம். வளையங்களுக்கு நடுவே முறுக்குக் கோணம் எவ்வளவு, ஹோமோ எங்கே பரவியிருக்கிறது, லூமோ எங்கே, இவற்றைப் பாருங்கள். வரும் எலெக்ட்ரான் வோல்ட் எண்களை அப்படியே நம்பாதீர்கள். ஏற்கெனவே அளவிடப்பட்ட ஒரு உறவுக்கார மூலக்கூறையும் அதே முறையில் ஓட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: துண்டுகளை இணைப்பது

பல்லேடியம் வினைகள்தான் இங்கே உழைக்கும் கைகள். ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010-இல் வேதியியல் நோபல் கிடைத்தது இந்தக் குடும்பத்துக்காகத்தான். பென்சீன் வகைத் துண்டுகளை இணைக்க சுசுகி வினை: ஒரு பக்கம் புரோமைடு, மறுபக்கம் போரானிக் எஸ்டர், ஒரு காரம், கொஞ்சம் தண்ணீர். நச்சு குறைவு, கழிவைக் கையாள்வது எளிது. தயோபீனுக்கு வரும்போது ஒரு தொல்லை. அதன் 2-ஆம் இடத்துப் போரானிக் அமிலம் வினை நடக்கும்போதே போரானை உதிர்த்துவிடும். அதனால் பலர் ஸ்டில் வினைக்கு, அதாவது வெள்ளீயச் சேர்மங்களுக்குப் போகிறார்கள். வேலை செய்யும், ஆனால் டிரைமெத்தில் டின் குளோரைடு ஆவியாகக்கூடிய கடுமையான நஞ்சு. புகைக்கூண்டுக்குள் மட்டுமே திறங்கள், கையுறையை உடனுக்குடன் மாற்றுங்கள், கண்ணாடிக் கலன்களைத் தனியாகக் கழுவுங்கள், தனியாக வேலை செய்யாதீர்கள். சிறு மூலக்கூறு என்றால் டிரைபியூட்டைல் டின் வைத்தே சமாளிக்கலாம், ஆவியாவது குறைவு. வெள்ளீயம் ஏற்றிய தயோபீனைச் சிலிக்கா நிரலில் ஏற்றாதீர்கள், அமிலத்தன்மையால் உதிர்ந்துவிடும். படிகமாக்குவதுதான் சரியான வழி.

பாலிமர் செய்கிறீர்கள் என்றால் ஒரு கணக்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இரு மோனோமர்களும் சரியாக ஒன்றுக்கு ஒன்று இருந்து, வினை 95 சதவீதம் முடிந்தால் சராசரிச் சங்கிலி நீளம் 20 அலகுகள். 99 சதவீதம் முடிந்தால் 100. நாலு சதவீதத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம். மோனோமரில் 1 சதவீத மாசு இருந்தாலே எடைக்கணக்கு தவறி, சங்கிலி நீளத்துக்கு ஒரு உச்சவரம்பு விழுந்துவிடும். ஆகவே பாலிமர் வேலையின் பெரும்பகுதி மோனோமரைத் திரும்பத் திரும்பப் படிகமாக்குவதில்தான் போகும். அலுப்பாக இருக்கும், வேறு வழியில்லை.

படி 7: தூய்மை

முந்தைய படிகள் எல்லாவற்றையும் விட இங்கே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். கரிம வேதியியலில் 98 சதவீதத் தூய்மை என்றால் நல்ல தூய்மை என்று கொண்டாடுவோம். குறைகடத்திக்கு அது போதாது. சிறு அளவு மாசுகூட மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குழியாக இருக்கும். ஃபுளோரீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 9-ஆம் இடத்தில் இரண்டு சங்கிலிகள் ஏற வேண்டும். ஒரே சங்கிலி ஏறிய மூலக்கூறு துளி அளவு மிஞ்சினாலும் அங்கே மீதியிருக்கும் ஹைட்ரஜன் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபுளோரினோன் ஆகிவிடும். சங்கிலியில் ஓடும் ஆற்றல் எல்லாம் அந்தக் குறைபாட்டில் போய்ச் சேர, நீலமாக ஒளிர வேண்டிய பாலிமர் பச்சையாக ஒளிரும். என்.எம்.ஆர். வரைபடத்தில் அந்த மாசு கண்ணுக்கே பட்டிருக்காது.

சிறு மூலக்கூறுக்கு வரிசை இதுதான்: சிலிக்கா நிரல், அப்புறம் குறைந்தது இரண்டு மறுபடிகமாக்கல், தாங்கும் என்றால் வெற்றிடத்தில் படிப்படியாகக் குறையும் வெப்பநிலைக் குழாயில் பதங்கமாக்கல். அந்தக் குழாயில் மூலக்கூறுகள் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப வெவ்வேறு இடங்களில் படியும், நடுப்பட்டையை மட்டும் சுரண்டி எடுத்துக்கொள்ளுங்கள், ஓரங்களுக்கு ஆசைப்படாதீர்கள். நீளமான ஆல்கைல் சங்கிலி கொண்டவை பதங்கமாகும் முன் சிதையக்கூடும், எனவே முதலில் வெப்ப எடையிழப்புச் சோதனை செய்துவிடுங்கள்.

பாலிமரைப் பதங்கமாக்க முடியாது. அதற்கு சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கழுவும் கருவி): மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் என்று ஒவ்வொன்றாகக் கழுவி, குட்டைச் சங்கிலிகளையும் வினையூக்கி மிச்சங்களையும் நீக்கிவிட்டு, கடைசியில் குளோரோஃபார்மில் வருவதை எடுத்துக்கொள்வது. பல்லேடியம் இதற்கும் அசையாமல் உள்ளே தங்கும். டைதயோகார்பமேட் உப்பு போன்ற உலோகம் பிடிக்கும் பொருளோடு கலக்கி, மறுபடி வீழ்படிவாக்குங்கள். மூலக்கூறு எடை அளவிடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: பாலிஸ்டைரீனை வைத்து ஒப்பிடும் முறை, விறைப்பான சங்கிலிகளின் எடையைக் கூட்டியே காட்டும்.

படி 8: படலமும் அளவீடும்

முதல் சோதனைத் தளம், 300 நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்த, பலமாக மாசூட்டிய சிலிக்கான் துண்டு. சிலிக்கானே கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை), ஆக்சைடே மின்காப்பு. மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 11.5 நானோஃபாரட். ஆக்சைடு மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் குழுக்கள் எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஆக்டடெசில் சிலேன் போன்ற ஒன்றை வைத்து முதலில் மூடுங்கள். அதன்மேல் கரைசல் உருண்டு ஓடுகிறது என்றால் கரைப்பானை மாற்றிப் பாருங்கள். சுழற்றிப் பூசுவது வேகமான வழி, ஆனால் படிகம் வளர நேரம் தராது. கொதிநிலை அதிகமான குளோரோபென்சீன் போன்ற கரைப்பானில் மெதுவாக உலர விட்டால் படிகம் பெரிதாகும். பிறகு சூடாக்கிப் பதப்படுத்துங்கள், இரண்டு மூன்று வெப்பநிலைகளில் தனித்தனித் துண்டுகளாக.

ஹோமோவை சைக்ளிக் வோல்டமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) அளக்கலாம். ஃபெரோசீனை அதே கரைசலில் அளந்து, அதை -4.8 எலெக்ட்ரான் வோல்ட்டாக எடுத்துக்கொள்வது ஒரு வழக்கம், -5.1 எடுப்பவர்களும் உண்டு. எதை எடுத்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள், இல்லையென்றால் உங்கள் எண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடவே முடியாது.

இயக்க எண் கணக்கிடும்போது நிதானம் வேண்டும். மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தைக் கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் ஒரே நேர்கோடு வர வேண்டும். ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறி, பின்னால் சாய்வு குறைந்தால், அந்தச் செங்குத்துப் பகுதியை மட்டும் எடுத்து எண்ணைப் பெரிதாகக் காட்டும் ஆசை வரும். அது பெரும்பாலும் மின்முனைத் தொடர்புத் தடையின் விளையாட்டு, பொருளின் குணம் அல்ல. பரந்த மின்னழுத்த எல்லையில் நிலைத்திருக்கும் சாய்வையே எடுங்கள், பத்துச் சாதனங்களின் சராசரியையும் சிதறலையும் தாருங்கள். உருவமற்ற சிலிக்கானின் இயக்க எண் 0.5 முதல் 1 வரை (அலகு: சதுர சென்டிமீட்டர் / வோல்ட்-நொடி). உங்கள் பொருள் நேர்மையாக 0.5 தந்தால் அதுவே நல்ல முடிவு.

முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

டிப்ஸ்-பென்டசீன். இதை நான் தயங்காமல் சொல்வேன். வெறும் பென்டசீன் நல்ல கடத்தி, ஆனால் கரையாது, ஒளியும் காற்றும் பட்டால் நடு வளையம் ஆக்சிஜனோடு வினைபுரிந்துவிடும். அந்த நடு வளையத்தின் 6, 13 இடங்களில் பருமனான சிலைல் எத்தினைல் குழுக்களை ஜான் ஆன்தனி குழு 2001-இல் ஏற்றியது. கரைதிறன் வந்தது, நிலைப்பு கூடியது, மூலக்கூறுகள் செங்கல் சுவர் வரிசையில் அடுக்கிக்கொண்டன. தயாரிப்பும் குறுகியது: தாலால்டிஹைடையும் சைக்ளோஹெக்சேன்டையோனையும் காரத்தில் சேர்த்தால் பென்டசீன் குயினோன் மஞ்சளாக வீழ்படிவாகும், அதில் லித்தியம் அசெட்டிலைடைச் சேர்த்து, பின்பு ஸ்டேனஸ் குளோரைடால் ஒடுக்கினால் கரு நீலப் படிகங்கள் கிடைக்கும். பல்லேடியமே தேவையில்லை. பியூட்டைல் லித்தியத்தைக் கையாளத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். கரைசலை வெளிச்சத்தில் திறந்து வைக்காதீர்கள், நீலம் வெளுத்துவிடும். நன்றாகப் படிகமான படலத்தில் 1-ஐத் தொடும், தாண்டும் இயக்க எண்கள் பலரால் காட்டப்பட்டிருக்கின்றன. முதல் முயற்சியில் 0.1 வந்தாலும் உங்கள் ஆய்வக முறை சரியான பாதையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு உங்கள் சொந்த மூலக்கூறுக்கு வாருங்கள். வரும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: சங்கிலியை மாற்றினால் மையத்தைத் தொடாதீர்கள், ஃபுளூரின் சேர்த்தால் சங்கிலியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பொருளோடு பழைய டிப்ஸ்-பென்டசீன் துண்டு ஒன்றையும் அதே நாளில், அதே கரைப்பான் பாட்டிலில் இருந்து, அதே மின்முனை முகமூடியில் செய்து அளவிடுங்கள். பழையதும் சேர்ந்து விழுந்திருந்தால் குறை மூலக்கூறில் இல்லை, கரைப்பானிலோ மேற்பரப்பிலோ தேட வேண்டும். புதியது மட்டும் விழுந்திருந்தால் ஏழாவது படிக்குத் திரும்பிப் போய், இன்னொரு முறை படிகமாக்கிவிட்டு அளந்து பாருங்கள்.